காட்டுச் சிறுபூக்களைப் புகைப்படத்தால் இனங்காணல்

சாலையோரம், சுவரிடுக்கு, புல்தரை, ஏரிக்கரை என யாரும் விதைக்காத இடங்களில் தானே முளைத்து, ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத பூக்களைப் பூக்கும் செடிகள் ஏராளம். அவற்றின் பேரினத்தையும் இனத்தையும் ஒளிப்படங்களைக் கொண்டு அறியும் முறையே இங்குப் பேசப்படுவது. செடியைப் பிடுங்கி, அழுத்தி, உலர்த்தித் தாளில் ஒட்டும் ஹெர்பேரிய முறைக்கு இது மாற்று ஆகாது. ஆனால் செடியைக் கொல்லாமலும், எவரும் செய்யக்கூடியதாகவும் இருப்பதால் இன்று மிகப் பரவலாகியிருக்கிறது.

இம்முறையில் இறங்குகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சிறுபூக்களில் ஓர் இனத்தை அடுத்த இனத்திலிருந்து பிரிக்கும் அடையாளம் பெரும்பாலும் இதழில் இருப்பதில்லை. புல்லிவட்டம், பூக்காம்பு, இலையடிச் செதில், காய், விதை ஆகியவற்றில்தான் அது இருக்கிறது. படம் எடுப்பவரோ இதழைத்தான் எடுக்கிறார். பெயர் கிடைக்காமல் போகும் படங்களில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால் தோற்றவை.

மைசூரின் தேவராஜ மொஹல்லாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

களம்

தேவராஜ மொஹல்லா மைசூரு நகரின் நடுப்பகுதி. சயாஜி ராவ் சாலையை ஒட்டி நிற்கும் நூற்றாண்டு கடந்த தேவராஜ மார்க்கெட்டும், அதன் தெற்கே உள்ள ‘சிக்க கடியாரா’ என்னும் சின்ன மணிக்கூண்டும், தேவராஜ அரசு சாலையும் இதன் அடையாளங்கள். மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. அங்குள்ள பூக்கடை வரிசையில் புவிசார் குறியீடு பெற்ற மைசூரு மல்லிகையும் செவ்வந்தியும் கனகாம்பரமும் முழக்கணக்கில் விற்கின்றன. நாம் நிலசம்பங்கி என்பது அங்கே ‘சுகந்தராஜா’. விலைக்கு வரும் பூ எதற்கும் பெயர் இல்லாமல் இல்லை. அதே கடைக்குப் பின்னால், சாக்கடை ஓரத்துக் கல்லிடுக்கில் பூத்திருக்கும் இரண்டு மில்லிமீட்டர் வெள்ளைப் பூவுக்குப் பெயர் கேட்டால் ‘களே’ என்பார்கள். களை என்பதற்கு அதுதான் கன்னடம்.

மைசூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை. மாம்பழ மழை என்று சொல்லப்படும் கோடைமழை, தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் மழை என மூன்று தவணையாக ஈரம் கிடைப்பதால், சிறுசெடிகள் ஆண்டில் ஒரு முறைக்கு மேல் முளைத்துப் பூக்கின்றன. மொஹல்லாவிலிருந்து மேற்கே சற்றுத் தொலைவில் மைசூரு பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகமும், 1864-இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உருவான குக்கரஹள்ளி ஏரியும் உள்ளன. தென்கிழக்கே சாமுண்டி மலை. நகரத்துக் களைச்செடி, ஏரிக்கரைச் செடி, பாறை மேட்டுச் செடி ஆகிய மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். கற்கத் தொடங்குபவருக்கு இதைவிட வசதியான ஊர் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை.

ஒளிப்படத்துக்கு முந்தைய படங்கள்

இந்த நிலத்தின் செடிகளை மேல்நாட்டு முறையில் பதிவு செய்யும் வேலை 1800-இலேயே தொடங்கிவிட்டது. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பிரான்சிஸ் புக்கானனை மைசூர், கனரா, மலபார் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுத அனுப்பியது. அவர் தாவரவியல் அறிந்த மருத்துவர். அவருடைய பயண நூல் 1807-இல் வெளிவந்தது.

சிறுபூக்களை இனங்காண்பவருக்கு இன்றைக்கும் உதவும் மாபெரும் படத்தொகுப்பு ராபர்ட் வைட்டுடையது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த ‘இகோனெஸ் பிளாண்டாரும் இண்டியே ஓரியண்டாலிஸ்’ நூலில் 2,101 படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய இருவரும் தென்னாட்டுத் தெலுங்கு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயர் சூட்டினார். இந்தப் படங்களின் ஓரத்தைப் பார்ப்பது நல்ல பயிற்சி. நடுவில் முழுச்செடி இருக்கும். கீழே மூலையில் பூவைப் பிளந்து மகரந்தத்தாள் தனி, சூலகம் தனி, குறுக்காக வெட்டிய காய் தனி, விதை தனி எனப் பெரிதாக்கிக் காட்டியிருப்பார்கள். செடியின் பெயரைத் தீர்மானிப்பது அந்த மூலைதான். இன்று போனில் எடுக்கும் படத்தில் விடுபடுவதும் அதே மூலைதான்.

ஹூக்கரின் ‘ஃப்ளோரா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ (1872–1897), கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) ஆகியவை அடுத்த படிகள். கர்நாடகத்துக்கு வந்தால், பெங்களூரு இயேசு சபைத் துறவி செசில் சல்தான்ஹா, டான் நிக்கல்சனுடன் சேர்ந்து தொகுத்த ஹாசன் மாவட்டத் தாவர நூல் (1976), பிறகு அவரது கர்நாடகத் தாவர நூல் (1984, 1996). மைசூரு மாவட்டத்துக்கென்றே ஆர்.ஆர். ராவும் பி.ஏ. ராஸியும் எழுதிய சுருக்கத் தாவர நூல் 1981-இல் வந்தது. தேவராஜ மொஹல்லாவில் ஒரு பூவைப் படமெடுத்தவர், அந்த இனம் மாவட்டத்தில் முன்பு பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டிய முதல் நூல் இதுவே. தமிழ்நாட்டுச் சமவெளிக்கு, திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய கே.எம். மேத்யூ 1980-களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் பகுதித் தாவர நூலும் அதன் கோட்டோவியத் தொகுதிகளும் இணையற்றவை.

கன்னடமும் தமிழும் சந்திக்கும் ஒரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். பி.ஜி.எல். சுவாமி (1918–1980), கன்னட எழுத்தாளர் டி.வி. குண்டப்பாவின் மகன், சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். மாணவர்களோடு மலைக்காட்டில் செடி தேடி அலைந்ததை ‘ஹசுரு ஹொன்னு’ என்று எழுதி, படங்களையும் தாமே வரைந்தார். 1978-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இனங்காணல் எவ்வளவு சுவையான வேலை என்பதை அறிய அந்நூலை மிஞ்ச ஒன்றில்லை.

படத்தில் இருக்க வேண்டியவை

ஒரு செடிக்கு ஒரு படம் என்ற கணக்கு போதாது. குறைந்தது ஆறு கோணங்கள் வேண்டும்: நிற்கும் இடத்தோடு முழுச்செடி, பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, பூவின் பின்புறம், இலை தண்டில் சேரும் இடம், காய். இந்த ஆறில் ஐந்தாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இலைகள் எதிரெதிரா, மாற்றடுக்கா, வட்டமாகச் சுற்றியிருக்கின்றனவா, அடியில் செதில் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை அங்கேயே கிடைத்துவிடும். குடும்பத்தின் பெயரும் பாதி தெரிந்துவிடும்.

அளவு தெரியாவிட்டால் படம் பொய் சொல்லும். வெட்டுக்காயப் பூண்டை எல்லாருக்கும் தெரியும். கிணற்றடிப் பூண்டு என்றும் தாத்தாப் பூ என்றும் சொல்வோம். நடுவில் மஞ்சள் வட்டு, சுற்றிலும் பெரும்பாலும் ஐந்து வெளிர்நிறக் கதிர்ச் சிறுபூக்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். நீலகிரி போன்ற உயரமான இடங்களில் காலின்சோகா என்ற களைச்செடி உண்டு. அதிலும் மஞ்சள் வட்டு, அதே ஐந்து வெள்ளைக் கதிர், அதே மூன்று பல். பூமுகத்தை மட்டும் திரை நிறைய எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் குழப்பம் தீர்ந்தது. அந்த நாணயத்தில் பாதிக்குமேல் வருவது வெட்டுக்காயப் பூண்டு. கால்பங்கு வருவது காலின்சோகா. நாணயம் இல்லையென்றாலும் காம்பைப் படத்தில் சேர்த்தால் போதும். வெட்டுக்காயப் பூண்டின் பூ, ஒரு சாண் வரையோ அதற்கு மேலோ நீண்ட மொட்டைக் காம்பின் உச்சியில் தனியாக நிற்கும். இரண்டும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதும் நினைவில் இருக்கட்டும். நம் தெருவோரச் சிறுபூக்களில் அப்படி வந்தவை நிறைய.

போன் கேமராவுக்குச் சில குறைகள் உண்டு. ஏழெட்டுச் சென்டிமீட்டருக்குள் நெருங்கினால் பலவற்றில் குவியம் நிற்காது; பூவுக்குப் பின்னாலுள்ள மண் தெளிவாகவும் பூ மங்கலாகவும் வரும். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தால் கேமரா பூவைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் ஆடுவதும் குறையும். நேர்வெயிலில் வெள்ளைப் பூ சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்து, இதழின் நரம்பு தெரியாமல் போகும். குடையோ தோள்பையோ நிழல் தர, ஒளியளவை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையிலுள்ள நிறத்தைக் கேமரா பெரும்பாலும் நீலமாக்கிவிடுகிறது. கண்ணால் கண்ட நிறத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றைப் போனின் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாலே மில்லிமீட்டர் பூக்கள் வசப்படும்.

நேரமும் முக்கியம். கானாவாழையின் நீலப்பூ காலையில் விரிந்து நண்பகலில் கூழாகிவிடும். அரிவாள்மனைப் பூண்டோ வெயில் ஏறிய பிறகே விரியும். தேவராஜ மார்க்கெட்டுக்குக் காலை பூ வாங்க வருகிறவரும் மதியம் காய் வாங்க வருகிறவரும் ஒரே சுவரோரத்தில் வேறு வேறு பூக்களைக் காண்பார்கள்.

ஒரு செடி, அருகிலிருந்து

ஓல்டன்லாண்டியா கொரிம்போசா என்னும் செடி தென்னிந்திய நகரங்களில் எங்கும் உண்டு. நடைபாதைக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள மண்ணில் படர்ந்து, ஒரு சாண் உயரம்கூட எழாமல் இருக்கும். நின்ற நிலையில் பார்த்தால் பச்சை நூல் சிக்கலின் மேல் உப்பைத் தூவியது போலிருக்கும். முழங்காலிட்டுக் குனிந்தால் ஒவ்வோர் உப்புக் கல்லும் நான்கு இதழ்ப் பூ. அகலம் இரண்டு மில்லிமீட்டர் அளவே.

முதல் கேள்வி குடும்பம். இலைகள் ஒடுக்கமானவை, எதிரெதிராக அமைந்தவை. எதிரெதிர் நிற்கும் இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டில் ஒரு சின்ன மெல்லிய செதில், அதன் விளிம்பில் சில நூல்முட்கள். எதிரிலை, இலைக்காம்புகளுக்கிடையே செதில், இணைந்த நான்கு இதழ், பூவுக்குக் கீழே அமைந்த சூலகம் ஆகிய நான்கும் சேர்ந்தால் அது காப்பிக் குடும்பம். குடகுக் காப்பித் தோட்டத்தில் தேன்மணத்தோடு பூக்கும் அந்தச் செடியும் நடைபாதையில் மிதிபடும் இந்தச் செடியும் உறவு. செதிலைக் கண்டுகொண்ட பிறகே இந்த உறவு தெரியும். பூவை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது.

அடுத்தது இனம். இங்கே பூவின் முகம் கைகொடுக்காது. காம்பைப் பார்க்க வேண்டும். இலைக்கக்கத்திலிருந்து ஒரு பொதுக்காம்பு கிளம்பி, அதன் நுனியிலிருந்து இரண்டு முதல் நான்கைந்து சிறுகாம்புகள் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூ இருந்தால் அது கொரிம்போசா. பொதுக்காம்பே இல்லாமல் கக்கத்திலிருந்து நேராக மயிரிழை போன்ற நீண்ட காம்பில் ஒன்றோ இரண்டோ பூ வந்தால் அது ஓல்டன்லாண்டியா ஹெர்பேசியாவாக இருக்கலாம். அதன் பூக்குழலும் சற்று நீளம். பொதுக்காம்பில் பூக்கள் குடைபோல் கூடி நின்றால் இம்பூறல் என்னும் ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டாவைச் சோதிக்க வேண்டும். சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேர் அதுதான்.

காய் கிடைத்தால் இன்னும் உறுதி. மிளகில் பாதி அளவுள்ள காயின் உச்சியில் நான்கு புல்லிப் பற்கள் கிரீடம்போல் ஒட்டியிருக்கும். இத்தனையும் பார்க்க ஆகும் நேரம் ஐந்து நிமிடம். விடை தந்த படங்களோ நான்கு: செதில், பக்கவாட்டில் காம்பு, பூமுகம், காய். பூமுகத்தை மட்டும் நாற்பது முறை எடுத்திருந்தாலும் இந்த விடை வந்திராது.

அடிக்கடி ஏமாற்றும் இணைகள்

முயல்செவி, பூவாங்குறுந்தல் ஆகிய இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். இரண்டும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சின்னக் குஞ்சம் போன்ற பூத்தலைகள் கொண்டவை. மேலிருந்து எடுத்த படத்தில் பிரிப்பது கடினம். பூத்தலையின் அடியைப் பார்த்தால் எளிது. முயல்செவியில் பச்சைச் செதில்கள் ஒரே வரிசையில் குழாய்போல் ஒட்டி நிற்கும். இலைகளின் அடி தண்டைத் தழுவியிருக்கும். பூவாங்குறுந்தலில் செதில்கள் ஓட்டுக்கூரைபோல் பல அடுக்காக இருக்கும். இலை தண்டைத் தழுவாது. கேரளத்தில் பெண்கள் திருவாதிரையில் கூந்தலில் சூடும் தசபுஷ்பம் என்னும் பத்துச் செடிகளில் இவை இரண்டும் தனித்தனி இடம் பெற்றிருக்கின்றன. லென்ஸ் இல்லாத காலத்தில் நம் பாட்டிமார் இவற்றைப் பிரித்து அறிந்திருந்தார்கள் என்பது மதிக்கத்தக்க செய்தி. அதே பத்தில் விஷ்ணுகிராந்தியும் உண்டு.

விஷ்ணுகிராந்தி, தாவரவியலில் எவால்வுலஸ் அல்சினாய்டிஸ், சாமுண்டி மலைபோன்ற காய்ந்த மேடுகளில் காலை வெயிலில் நீலமாகப் பூப்பது. புல்தரைகளில் அதன் உறவான எவால்வுலஸ் நம்முலாரியஸ் வெள்ளையாகப் பூக்கும். காசு போன்ற வட்ட இலைகளும், கணுதோறும் வேர் ஊன்றிப் படர்வதும் அதைக் காட்டிக்கொடுக்கும். கான்வால்வுலஸ் பேரினத்திலிருந்து எவால்வுலஸைப் பிரிப்பது சூல்தண்டு. முன்னதில் ஒரே தண்டு, நுனியில் இரண்டு சூல்முடி. பின்னதில் தண்டே இரண்டு, ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிளந்தது. ஆறேழு மில்லிமீட்டர் பூவில் இதைப் படமாக்கப் பக்கவாட்டிலிருந்து குவியம் வைக்க வேண்டும்.

கானாவாழையில் பூவை விட்டுவிட்டு, பூ புறப்படும் பச்சை மடலைப் பாருங்கள். மடலின் விளிம்புகள் அடியில் ஒட்டிப் புனல்போல் இருந்து, இலையுறையின் வாயில் செம்பழுப்பு மயிர்களும் தெரிந்தால் கொம்மெலினா பெங்காலென்சிஸ். விளிம்புகள் ஒட்டாமல் புத்தகம்போல் திறந்திருந்தால் வேறு கொம்மெலினா. மடலே இல்லையென்றால் முர்டானியாவாக இருக்கும். பெங்காலென்சிஸ் மண்ணுக்கடியிலும் திறவாத பூக்களைப் பூத்து விதை வைக்கும். கொம்மெலினா என்ற பெயர் டச்சு நாட்டுக் கொம்மெலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களில் யான் கொம்மெலின், நம் மலையாளக் கரைச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலுக்குக் குறிப்புரை எழுதியவர்களில் ஒருவர்.

தும்பை, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் ஒன்று, போர்க்களத்தில் சூடிய பூ, கன்னடத்தில் ‘தும்பே’. லியூக்கஸ் பேரினத்தின் எல்லா இனங்களிலும் மேலுதடு வெண்மயிர் போர்த்த தொப்பியாகவும் கீழுதடு அகன்றும் இருக்கும். ஆகவே இதழ் உதவாது. இனத்தைச் சொல்வது புல்லிக் குழலின் வாய்: நேரா, சாய்வா, பற்கள் எத்தனை, மயிர் எங்கே. பெருந்தும்பையில் பூக்கள் உருண்டையாகத் திரண்டு நிற்கும். லியூக்கஸ் பைஃப்ளோராவில் கக்கத்துக்கு இரண்டு பூவே இருக்கும். பூ உதிர்ந்த பின்னும் புல்லி நிற்பதால், தும்பையைப் பூவில்லாத நாளிலும் இனங்காணலாம்.

கீழாநெல்லிக் கூட்டம் எல்லாவற்றிலும் கடினமானது. பூ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதுவும் கிளையின் அடிப்பக்கம். ஃபில்லாந்தஸ் அமாரஸில் பூவுறை இதழ்கள் ஐந்து. ஃபில்லாந்தஸ் ஃப்ராடெர்னஸ், டெபிலிஸ் ஆகியவற்றில் ஆறு. யூரினாரியாவின் காய் காம்பில்லாதது போல ஒட்டி, சொரசொரப்பாக இருக்கும். மருந்துக்கென்று கீழாநெல்லி பறிப்பவர்கள் பலர் என்பதால் இந்த எண்ணிக்கை வெறும் ஆர்வத்துக்கானது ஆகாது. படத்தைப் பார்த்து யாரோ சொன்ன பெயரை நம்பி ஒரு செடியை உண்ணவோ மருந்தாகக் கொள்ளவோ கூடாது.

ஒரு பெயர், பல செடி

ஊர்ப்பெயர் அரிய சொத்து. ஆனால் இனங்காணலில் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் தவறு நேரும். சித்த மருத்துவத்தில் பற்படாகம் என்பது மொல்லுகோ செர்வியானா. கேரளத்தில் பர்ப்படகம் என்ற பெயரில் வழங்குவது மேலே கண்ட ஓல்டன்லாண்டியா கொரிம்போசா. வடநாட்டில் பித்தபாப்டா என்ற பெயரோடு அந்த இடத்தில் இருப்பது ஃபூமாரியா. மூன்றும் மூன்று குடும்பங்கள். முதலிரண்டும் மில்லிமீட்டர் வெள்ளைப்பூ கொண்டவை என்பதால் படத்திலும் குழம்பும். மொல்லுகோவில் பூவுறை ஐந்து, இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக; ஓல்டன்லாண்டியாவில் நான்கு, இலைகள் எதிரெதிர். எண்ணிப் பார்த்தால் போதும். சங்கபுஷ்பி என்ற சமஸ்கிருதப் பெயருக்கும் விஷ்ணுகிராந்தி, சங்குப்பூ, கான்வால்வுலஸ் எனப் பல செடிகள் உரிமை கொண்டாடுகின்றன.

அறிவியல் பெயரும் நிலையாக நிற்பதில்லை. பூவாங்குறுந்தல் பழைய நூல்களில் வெர்னோனியா சினேரியா. இன்று சயாந்தில்லியம் சினேரியம். ஈரப் புல்தரைகளில் ஊதாவாய்ப் பூக்கும் லிண்டெர்னியா க்ரஸ்டாசியா இப்போது டொரேனியா. மரபணு ஆய்வுகள் லிண்டெர்னியாவைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டன. அவற்றைப் பிரிக்கும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களில் ஒன்று, வளமான மகரந்தத்தாள்கள் இரண்டா நான்கா என்பது. ஆகையால் பூவின் தொண்டைக்குள் ஒரு படம் கட்டாயம். பெயர் மாறியதால் பழைய நூல் பயனற்றுப் போவதில்லை; ராவ்–ராஸி நூலில் பழைய பெயரில் தேடி, புதிய பெயரில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருவிகள் சொல்லும் பெயர்

2008-இல் கலிஃபோர்னியாவில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் பிளான்ட்நெட், 2017-இல் வந்த கூகுள் லென்ஸ் ஆகியவை இன்று பலரின் போனில் உள்ளன. இந்தியாவுக்கென இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் 2008 முதல் இயங்குகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஹெர்பேரியம், கர்நாடகச் செடிகளின் படங்களையும் விவரங்களையும் மின்தொகுப்பாகத் தந்திருக்கிறது.

கணினிக் கருவிகள் முன்பே பெயரிடப்பட்ட லட்சக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்சி பெற்றவை. புதிய படம் எதனோடு ஒத்திருக்கிறது என்று கணக்கிட்டு, சில பெயர்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. உலகெங்கும் அதிகம் படமெடுக்கப்பட்ட பெரிய, பகட்டான பூக்களில் அவை வியக்கத்தக்க அளவு சரி. வெட்டுக்காயப் பூண்டைத் தவறவிடுவது அரிது. ஆனால் லியூக்கஸ், ஃபில்லாந்தஸ், ஓல்டன்லாண்டியா போன்றவற்றில், இனத்தைப் பிரிக்கும் உறுப்பு படத்தில் இல்லாதபோதும் ஏதோ ஓர் இனப்பெயரைத் தந்துவிடும். பட்டியலின் முதல் பெயரை விடையாகக் கொள்ளாமல், சோதிக்க வேண்டிய ஊகமாகக் கொள்வதே முறை. அப்பெயரை எடுத்துக்கொண்டு தாவர நூலின் விவரணையோடு ஒவ்வோர் உறுப்பாக ஒப்பிட வேண்டும். பிளான்ட்நெட், எடுத்த படம் பூவா இலையா காயா முழுச்செடியா என்று கேட்பது நல்ல ஏற்பாடு. பயனரை உறுப்பு உறுப்பாகப் பார்க்கப் பழக்குகிறது. ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆய்வுத் தரம் பெற, படமும் நாளும் இடமும் இருப்பதோடு, பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இனப்பெயரில் உடன்பட்டிருக்க வேண்டும். அந்த உடன்பாடும் படம் காட்டிய அளவுக்கே செல்லும். மூவர் ஒத்துக்கொண்டதால் மறைந்திருந்த புல்லிப்பல் படத்தில் வந்துவிடாது.

எங்கே நிறுத்துவது

சில படங்களில் குடும்பம் வரைதான் போக முடியும். சிலவற்றில் பேரினம் வரை. ‘ஃபில்லாந்தஸ், இனம் தெரியவில்லை’ என்று எழுதுவது தோல்வி ஆகாது. தவறான இனப்பெயர் ஒன்று பதிவேறினால், அந்தச் செடி அந்த மாவட்டத்தில் உண்டு என்ற தவறான செய்தி வரைபடத்தில் ஏறிவிடும். கணினிக் கருவிகளும் அதையே பாடமாகக் கற்கும். பேரினத்தில் நிறுத்திய பதிவை, பிறகு காயோடு வரும் படம் ஒன்று முடித்துவைக்கும். அதே கல்லிடுக்குக்கு இரண்டு வாரம் கழித்துப் போனால் அநேகமாகக் காய் இருக்கும்.

மரபணு, நுண்ணோக்கி, விதையின் மேற்பரப்பு ஆகியவை தேவைப்படும் இடங்களில் ஒளிப்படம் மாதிரிச்செடிக்கு ஈடாகாது. அத்தகைய செடி கிடைத்ததாகத் தோன்றினால் பிடுங்காமல், இடத்தையும் நாளையும் படங்களையும் அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையிடம் கொடுப்பது சரியான வழி.

தேவராஜ மொஹல்லாவிலோ உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ அடுத்த மழை விட்ட பத்தாம் நாள் காலை, ஏதேனும் ஒரு சுவரோரத்தில் குனிந்து பாருங்கள். பூவை எடுத்த பிறகு, விரலால் அதை மெல்லச் சாய்த்து, அதன் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.